வல்லானின் பாதிக் கணக்கு

எங்கள் அபார்ட்மென்ட்டில் மொத்தம் எட்டு வீடுகள். ஆறில் சொந்தக்காரர்கள், இரண்டில் வாடகைக்காரர்கள். பி.காம். படித்த ஒரே குற்றத்துக்காக என்னைச் சங்கத்தின் பொருளாளராக்கி வைத்திருக்கிறார்கள். போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். கீழே நிழலில் ஆறு டூவீலர் நிறுத்தத்தான் இடம் இருக்கிறது. ஆகவே நிழல் சொந்தக்காரர்களுக்கு, வெயில் வாடகைக்காரர்களுக்கு. ஆறு கைகள் உயர்ந்தன. வாடகைக்காரர்களுக்கு ஓட்டு கிடையாது என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. (ஜனநாயகம் வாழ்க!)

முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் பெரியவர் ரிடையர்டு ஆசாமி. அவரைப் போலவே ரிடையர்டு ஆக வேண்டிய ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறார். மாடிப்படியில் என்னைப் பிடித்துக் கொண்டார்.

"தம்பி, முன்னாடி வர்றவங்க முன்னாடி நிறுத்திக்கலாம்னு இத்தனை நாள் ஒரு வழக்கம் இருந்துது. அது எல்லாருக்கும் நல்லதுதானே? நாளைக்கு உங்களுக்கே அந்த மாதிரி ஒரு நியாயம் வேண்டியிருக்கும்."

நான் சிரித்துக் கொண்டே, "என்ன ஸார் பண்றது, வல்லான் வகுத்ததே வாய்க்கால்!" என்று சொல்லிவிட்டுப் படி ஏறினேன். ஜோக்தான். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

பின்னாலேயே வந்த என் அக்கா மகன் சிரித்தான். எம்.ஏ. சர்வதேச உறவுகள் படிக்கிறவன். ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பயந்து என் வீட்டில் அகதி.

"மாமா, இப்ப நீங்க மெலோஸ்ல பேசின மாதிரியே பேசிட்டு வர்றீங்க!"

"மெலோஸா? என்னடா அது, புது பிஸ்கட்டா?"

"தீவு. கிரீஸ்ல இருக்கு. நாளைக்கு எனக்கு ரியலிசம் பேப்பர். நோட்ஸைப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கேள்வி கேளுங்க, தெரிஞ்சுக்குவீங்க."

"ரியலிசத்துக்கு எதுக்குடா எம்.ஏ.? பலசாலி அடிப்பான், நோஞ்சான் வாங்குவான். முடிஞ்சுது."

"பாதிக் கணக்கை எழுதிட்டு டோட்டல் போடறீங்க மாமா" என்றானே பார்க்கலாம்!

ஒரு காமர்ஸ் பட்டதாரியை இதைவிட மோசமாகத் திட்ட முடியாது. ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்து அவன் நோட்ஸையும், புத்தகங்கள் இரண்டையும் புரட்டிவிட்டேன். பெற்ற ஞானத்தை உங்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறேன்?

★

ரியலிசம், தமிழில் யதார்த்தவாதம், ஒரு எளிய கேள்வியில் ஆரம்பிக்கிறது. உங்கள் வீட்டில் திருடன் புகுந்தால் போலீஸுக்கு போன் செய்வீர்கள். ஒரு தேசத்துக்குள் இன்னொரு தேசம் புகுந்தால் எந்த நம்பருக்குச் செய்வது?

ஐ.நா.வுக்கு என்பீர்கள். 2022 பிப்ரவரி 24-ம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மறுநாள் பாதுகாப்புக் கவுன்சிலில் அதைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. வீட்டோ போட்டு அதைச் சாய்த்தது யார்? ரஷ்யா. அந்த மாதம் கவுன்சிலுக்குத் தலைமை முறை யாருடையது? அதுவும் ரஷ்யா! குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதி நாற்காலியில். (இதில் ரஷ்யாவை மட்டும் குறை சொல்வானேன்? வீட்டோ போடுவதில் அமெரிக்காவும் கூச்ச சுபாவம் உள்ள தேசம் இல்லை.)

ஆக, தேசங்களுக்கு மேலே போலீஸ் கிடையாது. அவரவர் வீட்டுக்கு அவரவர்தான் பூட்டு. கென்னத் வால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் மூலக்கல்லாக வைத்தார். மனிதர்கள் கெட்டவர்களாக இருப்பதால் மட்டும் சண்டை வருவதில்லை. மேலே தட்டிக் கேட்க ஆளில்லாத அந்த அமைப்பே நல்லவனையும் கத்தி தீட்ட வைக்கிறது என்பது அவர் கட்சி.

புரியவில்லையா? திருட்டு பயத்தில் நீங்கள் ஒரு நாய் வளர்க்கிறீர்கள். எதிர்வீட்டுக்காரர், 'இவன் எதற்குத் திடீரென்று நாய் வாங்கினான்?' என்று யோசித்து இரண்டு வாங்குகிறார். பதிலுக்கு நீங்கள் ஒரு அல்சேஷன். ஆறு மாதத்தில் தெருவில் யாரும் நடக்க முடியாது. இருவருமே உத்தமர்கள், இருவருக்கும் தூக்கமில்லை. இந்தச் சங்கடத்துக்கு ஜான் ஹெர்ஸ் என்பவர் 1950-ல் பெயரே வைத்திருக்கிறார்: பாதுகாப்புச் சிக்கல். அணுகுண்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்த கதையும் பெரும்பாலும் இந்த நாய்க் கதைதான்.

இது நமக்கும் புதிதில்லை. எல்லையில் இருக்கும் அரசன் இயல்பாகவே பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன் என்று வட்டம் வட்டமாகக் கோடு போட்டு வைத்தவர் கௌடில்யர். காணாமல் போயிருந்த அவருடைய அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடியைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர்தான் மைசூர் நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை சாம சாஸ்திரி 1909-ல் அச்சில் கொண்டு வந்தார். வள்ளுவரும் சும்மா இல்லை. பொருட்பாலில் 'வலியறிதல்' என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார்.

"சரிடா, இதைத்தானே நானும் சொன்னேன். வல்லான், வாய்க்கால்..."

"மெலோஸுக்கு வாங்க மாமா" என்றான்.

★

கி.மு. 431-ல் ஆரம்பித்து கி.மு. 404 வரை, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் அடித்துக் கொண்டன. அந்தப் போரை எழுதி வைத்தவர் துசிடிடீஸ். ஏதென்ஸின் தளபதியாக இருந்தவர். ஆம்பிபொலிஸ் என்ற ஊரைச் சரியான நேரத்துக்குப் போய்க் காப்பாற்றவில்லை என்று இருபது வருஷம் ஊரைவிட்டுத் தள்ளி வைத்தார்கள். மனிதர் உட்கார்ந்து சரித்திரம் எழுதினார். (வேலை போனால்தான் எழுத்து வரும் என்பதை என்னைப் போன்ற ஃப்ரீலான்ஸ்காரர்கள் கிரேக்கத்திலிருந்தே அறிவோம்.) போருக்கு உண்மையான காரணம் ஏதென்ஸின் வளர்ச்சியும், அதைப் பார்த்து ஸ்பார்ட்டாவுக்கு வந்த பயமும்தான் என்பது அவர் தீர்ப்பு. நாய்க் கதையேதான்!

மெலோஸ் சின்னத் தீவு. கையில்லாத வீனஸ் சிலை ஒன்று பாரிஸ் மியூஸியத்தில் இருக்கிறதே, அது 1820-ல் கிடைத்தது இந்தத் தீவில்தான். மெலோஸ்காரர்கள் ஸ்பார்ட்டாவின் வழிவந்தவர்கள். ஆனாலும் 'எங்களை விட்டுவிடுங்கள், நாங்கள் நடுநிலை' என்று ஒதுங்கி இருக்கப் பார்த்தார்கள். கி.மு. 416-ல் ஏதென்ஸ் 38 கப்பல்களில் சுமார் 3,000 வீரர்களுடன் வந்து இறங்கியது. அடிப்பதற்கு முன்னால் தூதர்களை அனுப்பியது. மெலோஸ்காரர்கள் அவர்களைப் பொதுஜனங்கள் முன்னால் பேச விடாமல், தலைவர்களுடன் மட்டும் பேச வைத்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தையைத்தான் துசிடிடீஸ் நாடகம் மாதிரி எழுதி வைத்திருக்கிறார். உலகத்தில் எந்த யுனிவர்சிடியில் ரியலிசம் படித்தாலும் இந்தச் சில பக்கங்களிலிருந்து தப்ப முடியாது.

சுருக்கம் இவ்வளவுதான். ஏதென்ஸ்: நியாயம் பேசாதீர்கள், சமபலம் உள்ளவர்களுக்கு நடுவில்தான் நியாயம். கப்பம் கட்டினால் பிழைப்பீர்கள். மெலோஸ்: எங்கள் ஊருக்கு 700 வயது. அவ்வளவு நாள் அனுபவித்த சுதந்திரத்தை ஒரு நிமிஷத்தில் விட மாட்டோம். தெய்வம் கைவிடாது, ஸ்பார்ட்டா கட்டாயம் வரும். ஏதென்ஸ்: நம்பிக்கை என்பது கையில் மிச்சம் உள்ளவர்களுக்கான சரக்கு. உங்களிடம் அது இல்லை.

தெய்வம் வரவில்லை. ஸ்பார்ட்டாவும் வரவில்லை. முற்றுகை நடந்தது. குளிர்காலத்தில், உள்ளேயே யாரோ காட்டிக் கொடுக்க, மெலோஸ் சரணடைந்தது. பிடிபட்ட வயது வந்த ஆண்களை எல்லாம் ஏதென்ஸ் கொன்றது. பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. பிறகு தன் ஊர்க்காரர்கள் 500 பேரை அங்கே குடியேற்றியது.

நான் நோட்ஸை மூடினேன். "பாத்தியா? வல்லான் வகுத்ததே வாய்க்கால். சமத்தா கப்பம் கட்டிட்டுப் போயிருக்கலாம்."

"எல்லாரும் இங்கதான் மாமா புஸ்தகத்தை மூடுவாங்க. துசிடிடீஸ் மூடல. அடுத்த பக்கத்தைத் திருப்புங்க."

★

அடுத்த பக்கத்தில் சிசிலி இருக்கிறது.

மெலோஸை அழித்த கையோடு, கி.மு. 415-ல் ஏதென்ஸ் சிசிலித் தீவைப் பிடிக்கப் படை திரட்டியது. அந்தத் தீவு எவ்வளவு பெரியது, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே ஏதென்ஸ்காரர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்று துசிடிடீஸ் எழுதுகிறார். நம்மால் முடியாதது உண்டா என்ற மிதப்பு. இரண்டு வருஷத்தில், கி.மு. 413-ல், போன கடற்படை போனதுதான். பிடிபட்ட 7,000 பேருக்குக் குறையாதவர்களை சைரக்யூஸில் கல் குவாரிகளில் அடைத்தார்கள். அங்கே வெயிலிலும் பசியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

இதற்குப் பிறகும் போர் எட்டு வருஷம் இழுத்தது. கி.மு. 405-ல் ஏதென்ஸின் கடைசிப் பெரிய கப்பல் படையும் ஸ்பார்ட்டாவிடம் போயிற்று. துசிடிடீஸ் விட்ட இடத்திலிருந்து எழுதிய செனஃபோன் அந்த இரவை விவரிக்கிறார். ஒரு கப்பல் ராத்திரியில் சேதி கொண்டு வருகிறது. துறைமுகத்தில் எழுந்த அழுகை, ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு மாறி, மதில் சுவர் வழியாகவே நகரத்துக்குள் போகிறது. அன்று ஏதென்ஸில் யாரும் தூங்கவில்லை. செத்தவர்களுக்காக மட்டும் அவர்கள் அழவில்லை. மெலோஸுக்கும், அதுபோல மற்ற ஊர்களுக்கும் தாங்கள் செய்ததைத் தங்களுக்கும் செய்வார்களே என்று அழுதார்கள்.

இப்போது ஒரு விஷயம். மெலோஸ்காரர்கள் அன்றைய பேச்சுவார்த்தையில் தெய்வத்தை மட்டும் நம்பிப் பேசவில்லை. இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: நியாயம் என்ற பொதுச்சொத்தை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு நீங்கள் விழுந்தால், உங்களுக்கும் அது வேண்டியிருக்கும்.

படித்ததும் எனக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது. பெரியவர் கிட்டத்தட்ட அதையே அல்லவா சொன்னார்!

யோசித்துப் பாருங்கள். அது புலம்பல் இல்லை, வேதாந்தமும் இல்லை. சுத்தமான வியாபாரப் பேச்சு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் பேசுகிற பேச்சு. அந்தப் பேச்சுவார்த்தையில் முழுக் கணக்கு போட்டது தோற்றவர்கள்தான். ஏதென்ஸ் அந்த மாத வரவைப் பார்த்தது. அவர்கள் பதினோரு வருஷம் கழித்து வரப்போகும் பற்றைப் பார்த்தார்கள்.

சரணடைந்த ஏதென்ஸை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, தரைமட்டமாக்க வேண்டும் என்றன கொரிந்தும் தீப்ஸும். மாட்டேன் என்றது ஸ்பார்ட்டா. கிரேக்கத்துக்கே ஆபத்து வந்த காலத்தில் பெரிய உதவி செய்த நகரத்தை அடிமையாக்கக் கூடாது என்று காரணம் சொன்னது. ஏதென்ஸ் இல்லாவிட்டால் தீப்ஸ் தலைதூக்கும் என்ற கணக்கும் உள்ளே இருந்திருக்கும் என்கிற சரித்திர ஆசிரியர்கள் உண்டு. எப்படியோ, ஏதென்ஸ் பிழைத்தது. தான் மெலோஸுக்குத் தராத ஒன்றை இரவலாக வாங்கிப் பிழைத்தது.

★

அக்கவுன்டன்ஸி முதல் வருஷத்தில் எங்களுக்கு ஒரு விதி சொல்லித் தந்தார்கள். வரும் என்று நினைக்கிற லாபத்தை வரவில் எழுதாதே. வரக்கூடும் என்கிற நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. அப்போது இது பயந்தாங்கொள்ளிகளின் விதியாகத் தெரிந்தது. (பிறகு நான் ஷேர் மார்க்கெட்டில் இறங்கினேன். விதி சரி என்று தெரிந்தது.)

இருபதாம் நூற்றாண்டு ரியலிசத்தின் பெரிய வாத்தியார் ஹான்ஸ் மார்கெந்தாவ் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். 1904-ல் ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகள் தலையெடுத்த நாட்டைவிட்டு வெளியேறி 1937-ல் அமெரிக்கா சேர்ந்தவர். அதிகாரம் என்றால் என்ன என்பதை அவர் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1948-ல் வந்த அவருடைய பெரிய புத்தகம், தேசங்களின் அரசியலை அதிகார நலன் என்ற கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னது. கூடவே, அரசியலில் தலையாய குணம் விவேகம். ஒவ்வொரு காரியத்துக்கும் பின்விளைவை எடைபோடுவது என்றார்.

இப்படிப்பட்டவர் வியட்நாம் போரில் எந்தப் பக்கம் இருந்திருப்பார்? 'அடி, உதை' என்றிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் எதிர்த்தார்! அங்கே அமெரிக்காவுக்கு உயிர்போகிற நலன் எதுவும் இல்லை, ஜெயிக்கவும் முடியாது என்று எழுதினார், பேசினார். 1965-ல் ஜனாதிபதியின் ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியுடன் டி.வி.யில் நேருக்கு நேர் வாதாடினார். அரசாங்கத்தில் அவர் வகித்து வந்த ஆலோசகர் பொறுப்பு அதே வருஷம் போயிற்று. பத்து வருஷம் கழித்து, 1975 ஏப்ரல் 30-ல் சைகான் விழுந்தது. அதற்குள் 58,000 அமெரிக்கர்களும், பல லட்சம் வியட்நாமியர்களும் செத்திருந்தார்கள்.

அத்தோடு முடியவில்லை. 2002 செப்டம்பர் 26 நியூயார்க் டைம்ஸில் ஒரு விளம்பரம் வந்தது. இராக்குடன் போர் அமெரிக்காவின் நலனுக்கு நல்லதில்லை என்று 33 பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வால்ட்ஸ், மெர்ஷைமர், ஸ்டீபன் வால்ட் என்று ரியலிசத்தின் பெரிய தலைகள் எல்லாம் அதில். சுலபமாக ஜெயித்தாலும் வெளியே வர வழி தெரியாது, வருஷக் கணக்கில் அங்கேயே உட்கார வேண்டி வரும் என்று எச்சரித்தார்கள். 2003 மார்ச்சில் போர் தொடங்கியது. பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. அமெரிக்கப் படை வெளியேற 2011 டிசம்பர் ஆயிற்று.

மீசை முறுக்குவதற்குப் பெயர் ரியலிசம் இல்லை. பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஹோட்டலுக்குள் நுழைவதற்குப் பெயர் ரியலிசம்.

★

ரியலிஸ்ட்டுகளும் தப்புக் கணக்கு போட்டிருக்கிறார்கள். 1989-ல் பெர்லின் சுவர் விழுந்ததையும், 1991-ல் சோவியத் யூனியன் ஒரு பெரிய போர் இல்லாமலே கலைந்து போனதையும் அவர்கள் பேரேட்டில் யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. வல்லரசு ஒன்று தானாக வாய்க்காலை விட்டு எழுந்து போகும் என்று எந்த ஃபார்முலாவும் சொல்லவில்லை.

உக்ரைனையே எடுத்துக் கொள்ளுங்கள். சோவியத் யூனியன் கலைந்தபோது அதன் மண்ணில் ஏராளமான அணு ஆயுதங்கள் தங்கிவிட்டன. அவற்றைக் கொடுக்காதே என்று மெர்ஷைமர் 1993-ல் எழுதினார். 1994 டிசம்பர் 5-ம் தேதி புடாபெஸ்ட்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உன் எல்லையை மதிப்போம் என்று எழுதிக் கொடுக்க, உக்ரைன் ஆயுதங்களைக் கொடுக்கச் சம்மதித்தது. 2014-ல் கிரிமியா போயிற்று. ரியலிஸ்ட்டுக்கு ஒரு மார்க்.

அதே மெர்ஷைமர் 2014-ல், இந்தச் சிக்கலுக்கு மேற்கு நாடுகள்தான் பெரிய காரணம், நேட்டோவை ரஷ்யாவின் வாசல் வரை கொண்டுபோனது தப்பு என்று எழுதினார். இன்றுவரை சண்டை ஓயாத கட்டுரை அது. எதிர்த்தவர்கள் கேட்டது: உங்கள் கணக்கில் அமெரிக்காவுக்கு ஒரு பத்தி, ரஷ்யாவுக்கு ஒரு பத்தி. உக்ரைன்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று எழுத பத்தியே இல்லையே? 2022-ல் கீவ் நகரம் சில நாளில் விழும் என்று பலரும் கணக்குப் போட்டார்கள். விழவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ரஷ்யப் படை கீவைச் சுற்றியிருந்த இடங்களைவிட்டுத் திரும்பியது. மெலோஸுக்கு வராத உதவி இவர்களுக்கு வந்தது என்பது ஒரு காரணம். சொந்த ஊர் என்ற பிடிவாதத்துக்கும் எடை உண்டு என்பது இன்னொன்று. அதை எந்தத் தராசில் நிறுப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்கு விளக்கை அணைக்கப் போனபோது பையன் கேட்டான். "மாமா, உண்மையைச் சொல்லுங்க. நீங்க மெலோஸ்ல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கப்பம் கட்டியிருப்பேண்டா. ஈ.எம்.ஐ. மாதிரி நினைச்சுக்கிட்டு. வீட்ல பொண்டாட்டி, குழந்தை இருக்கே."

"நானும்தான். எங்க கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொன்னாங்க. ஆனா ஏதென்ஸ்ல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு புரொஃபஸர் கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கல."

எனக்கும் வாய் திறக்கவில்லை. வல்லான் வாய்க்கால் என்று சொல்கிறபோது நாம் எப்போதும் வயல்காரன் பக்கத்தில் நின்றுதான் பெருமூச்சு விடுகிறோம். மண்வெட்டி நம் கையில் இருக்கிற நாட்கள் ஞாபகத்துக்கு வருவதே இல்லை. அப்படிப்பட்ட நாட்கள் சின்னச் சின்னதாக எல்லோருக்கும் உண்டு. எனக்கு ஆறு ஓட்டும் ஒரு தீர்மான நோட்டும்.

இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானத்தை ரத்து செய்யச் சொன்னேன். 'ஏன்?' என்றார்கள். சிசிலி பற்றிச் சொன்னால் பொருளாளர் பதவியோடு மானமும் போகும் என்பதால், "நாளைக்கே நம்மள்ல ரெண்டு பேர் வீட்டை வித்துட்டு வாடகைக்குப் போனா?" என்று மட்டும் கேட்டேன். வீட்டுக் கடன் பாக்கி உள்ள நான்கு பேர் உடனே கை தூக்கினார்கள்.

மறுநாள் காலையில் பெரியவரின் ஸ்கூட்டர் நிழலில் நின்றது. படியில் பார்த்தபோது, "என்ன தம்பி, திடீர்னு மாத்திட்டீங்க?" என்றார்.

"கணக்கைத் திருப்பிக் கூட்டிப் பார்த்தேன் ஸார். ஒரு பக்கத்தை விட்டுட்டிருக்கேன்."

அவர் இப்போது சிரித்தார். பையனுக்கு அந்தப் பேப்பரில் எவ்வளவு வந்தது என்று கேட்காதீர்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.